பாஸ்வேர்டு மேடமும் மூன்று மாற்றங்களும்

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் மேடம் என்னுடைய பிளாஸ்டர் ரோலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு டப்பா மூடியின் விளிம்பில் பாதி ஒட்டியும் பாதி தொங்கியும் நிற்கும்படி வரிசையாக வைத்தார். நாற்பது சதுரம். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"அது உங்க அம்மா முதுகுக்கு வாங்கினது," என்றேன்.

"தெரியும்க்கா. சாயங்காலம் வேற வாங்கித் தர்றேன். கடையில விக்கிற ஸ்டிக்கர் ரெண்டே நாள்ல உதிருது. இதுதான் கேமரா மேல நல்லா நிக்குது."

"புண்ணு மேலயும் இதுதான் நல்லா நிக்குது."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெட்டினார்.

திங்கட்கிழமை முதல் மூன்று நாள் அவருக்கு வெளியூர் வக்கீல்கள் சங்கத்தில் வகுப்பு. வக்கீல்கள் இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்பதுதான் பாடம். வருகிற ஒவ்வொருவருடைய லேப்டாப் கேமராவின் மேலும் தன் கையாலேயே ஒரு சதுரத்தை ஒட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். "இப்போ உங்களை யாரும் பார்க்க முடியாது" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். கோர்ட்டில் அவருக்குப் பாஸ்வேர்டு மேடம் என்று பெயர். முதலில் கேலிக்கு வைத்த பெயர். பிறகு அழைப்பிதழிலேயே போடுகிற அளவுக்கு மரியாதையாகிவிட்டது.

அந்த வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் நான் மூன்றரை வருடம் இருந்தேன். மேடத்தின் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் இல்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முன் அறை ஆபீஸ், பின் அறை நோயாளி, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்பு கூரை வரை போகவில்லை. அங்கே யார் மூக்கைச் சிந்தினாலும் இங்கே கேட்கும். கேட்டதையும் பார்த்ததையும்தான் எழுதுகிறேன்.

மேடத்துக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ஊராருக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்து மகளைப் படிக்க வைத்தவர். வக்கீலாகி முதல் இருபது வருடம் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகவே கழிந்தது. இவர் எழுதிய மனுவை அவர் கோர்ட்டில் வாசிப்பார். நீதிபதி பாராட்டினால் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார். பிறகு இவரைப் பார்த்து, "தண்ணி பாட்டில் எங்கம்மா?" என்று கேட்பார். தனியாக வந்த பிறகும் யாரும் பெரிய வழக்கைக் கொடுக்கவில்லை. புருஷனிடமிருந்து ஓடி வந்த பெண்கள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்கு ஒழுங்காகவே வேலை செய்தார். அதை நான் மறுக்க மாட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். 'படியேறும் முன்' என்று பெயர். கோர்ட் படியேறும் முன் ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டியது என்னென்ன என்று வாரம் ஒன்று எழுதுவார், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. நல்ல கை. சட்டத்தைச் சொல்கிற மாதிரியே இருக்காது, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி இருக்கும். முதல் வருடம் நூறு பேர் படித்தார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கில். இருபது வருடம் தண்ணீர் பாட்டில் தேடிக்கொடுத்தவரை ஊர் ஊராகக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவருக்கு இறங்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜாக்கிரதையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார். எங்கேயும் எழுதி வைக்க மாட்டார். ஆபீசுக்கு வருகிறவர்கள் போனை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டுத்தான் பேச வேண்டும். காகிதம் கிழிக்க ஒரு மெஷின் வைத்திருந்தார். மருந்துக் கடையில் போன் நம்பர் கேட்டால் பொய் நம்பர் கொடுப்பார். அந்தப் பொய் நம்பரை நானும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

வலைப்பூவில் உண்மையான வழக்குகளைத்தான் எழுதுவார். அதற்கு அவரே ஒரு விதி வைத்திருந்தார். மூன்று மாற்றங்கள். பெயரை மாற்று, தொழிலை மாற்று, பிள்ளைகளின் கணக்கை மாற்று. இந்த மூன்றையும் மாற்றிவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்பார். வகுப்பில் இதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவார். மற்றதையெல்லாம் அப்படியே எழுதுவார். நடந்தது நடந்தபடி இருந்தால்தான் படிக்கிறவன் நெஞ்சில் நிற்கும் என்பது அவர் கட்சி.

லேப் பெண் முதலில் வந்தது இதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு இரண்டாவது சனிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமைகளில் மேடம் பெண்களை மட்டும்தான் பார்ப்பார். ஆண்களுக்கு அன்றைக்கு வாசற்படிகூடக் கிடையாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். முப்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. கதவு இடுக்கில் வைத்துச் சாத்தினது. உடைந்ததை உடனே காட்டியிருந்தால் நேராக்கியிருப்பார்கள். காட்ட விடவில்லை. கூடவே ஏழு வயதுப் பெண் குழந்தை, குட்டி.

அம்மா பேசி முடிக்கும் வரை குட்டி என்னோடு பின் அறையில் இருந்தாள். நான் பவுடர் போடுவதை ஒரு இன்ஸ்பெக்டர் மாதிரி கைகட்டிப் பார்த்தாள்.

"எந்த ஸ்கூல்ல படிக்கிற?"

"சொல்ல மாட்டேன்."

"எந்தத் தெருவுல இருக்கே?"

"அதுவும் சொல்லக் கூடாது. உங்க பேரை நான் கேட்டேனா?"

நன்றாகப் பழக்கி வைத்திருந்தாள் தாய்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் சொன்னதெல்லாம் கேட்டது. புருஷன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், ஐந்து மணி நேர பஸ் தூரத்தில். குரலை உயர்த்த மாட்டான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் போனை வாங்கி ஒவ்வொரு அழைப்பாகக் கேட்பான்: இது யாரு, எதுக்குப் பேசினே. அவள் பதில் சொல்லத் தயங்கினால், அவள் கூந்தலில் ஒரு விரல்கடை முடியை வெட்டுவான். வெட்டியதைக் கடையிலிருந்து கொண்டுவந்த, மூக்குக் கண்ணாடி வைக்கிற கூட்டில் போட்டு, தேதி எழுதிய சீட்டை உள்ளே வைத்து மூடுவான். அப்படிப் பதினோரு கூடுகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தான். குழந்தையிடம், "எல்லாம் அம்மாவோட தப்பு, எண்ணு பார்க்கலாம்" என்பானாம். குட்டி எண்ணக் கற்றுக்கொண்டது அதில்தான்.

"அவனுக்கு நான் இருக்கிற இடம் தெரியாது மேடம். நீங்கதான் வக்கீல்னும் தெரியாது. குட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான்னா நான் செத்த மாதிரி. அவ்வளவுதான் எனக்கு வேணும். குட்டி என்கிட்ட இருக்கணும்."

"இருப்பா. அப்பா குழந்தையைத் தொடக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு வாங்கிடலாம். எக்ஸ்ரே, போட்டோ எல்லாம் கொண்டு வா. ஸ்கூல்ல ஒரு சர்டிபிகேட் வாங்கு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, யார்கிட்டயும்."

அடுத்த வியாழக்கிழமை காலை மேடம் வழக்கம்போலப் புதுக் கட்டுரையை அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். நான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு ஆண் பிள்ளைகள், துணிக்கடைக் கணவன். தினமும் போன் விசாரணை. தயங்கினால் ஒரு விரல்கடை முடி. அதைத் தேதியோடு சோப்பு டப்பாவில் போட்டு வைப்பான். பதினோரு சோப்பு டப்பா.

வெட்டுவதை நிறுத்தினேன். "இது லேப் பெண் கதைதானே?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? மூணையும் மாத்தியிருக்கேனே."

"நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேனே."

"அதான். நீங்க கேட்டதால தெரிஞ்சது. கேட்காத யாருக்கும் தெரியாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பிடிக்காத எதற்கும் அதுதான் பதில். மேடம், "தூக்கம் வந்துடுச்சு" என்று எழுந்து போனார்.

அந்தக் கட்டுரை அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது. எந்தப் பக்கத்தை எத்தனை தரம் திறந்தார்கள், எந்த ஊரிலிருந்து திறந்தார்கள் என்று காட்டுகிற ஒரு வசதி அதில் உண்டு. காலையில் பல் துலக்கும் முன்னால் அதைத்தான் பார்ப்பார். ஒரு ஊரிலிருந்து மட்டும் தினமும் நாற்பது ஐம்பது தரம் வந்துகொண்டே இருந்தது.

"அந்த ஊர்ல ஒரு சட்டக் கல்லூரி இருக்கு. பிள்ளைங்க பாடமா வெச்சுப் படிக்கிறாங்க போல. எனக்கு அங்க ரசிகர் மன்றமே இருக்குக்கா!"

சட்டக் கல்லூரி இருந்தது உண்மைதான். கண்ணாடிக் கடையும் அதே ஊரில்தான் இருந்தது. அந்த ஊரின் பெயர் மேடத்தின் மேசையிலேயே, லேப் பெண்ணுக்காக எழுதிய மனுவில், எதிர்மனுதாரர் விலாசத்தில் அவர் கையாலேயே அடிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த கண்ணுக்கு இது படவில்லை.

அடுத்த மாதம் லேப் பெண் எக்ஸ்ரேயும் போட்டோவும் கொண்டு வந்தாள். வேலை பார்க்கிற இடத்தில் யாரோ கட்டுரையை அனுப்பியிருக்கிறார்கள், அவள் கதை என்று தெரியாமலே. "படிச்சுப் பாருங்க, பாவம்" என்று.

"மேடம், அதை எடுத்துடுங்க."

"ஏம்மா? உன் பேர் இருக்கா அதுல? வேலை இருக்கா? ரெண்டு பையன்னு போட்டிருக்கேன். உன்கூட வேலை பார்க்கிறவளுக்கே தெரியலைன்னா ஊருக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்குத் தெரியாது மேடம். அவனுக்குத் தெரியும். செஞ்சவன் அவன்தானே?"

 யாராவது மடக்கிவிட்டால் மேடம் பாடம் நடத்துவார். கண்ணாடிக் கடைக்காரன் சட்ட வலைப்பூவெல்லாம் படிக்க மாட்டான் என்றார். ஏழாயிரம் பேர் படித்திருக்கிறார்கள், அதில் எத்தனை பெண்கள் தைரியம் அடைந்திருப்பார்கள், ஒருத்தியின் பயத்துக்காக அதை எடுத்துவிடலாமா என்றார். லேப் பெண் தலையை ஆட்டினாள். வேறு வக்கீல் அவளுக்கு இல்லை.

அதே வாரம் ஒரு ஈமெயில் வந்தது. மேடம் எனக்கு வாசித்தே காட்டினார், பெருமையாக. ஒரு அண்ணன் எழுதியிருந்தான். தங்கை புருஷன் கொடுமை தாங்காமல் இருக்கிறாளாம். உங்கள் கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டேன், நான்கு வருடத்துக்கு முன்னால் ஜீவனாம்சம் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன் என்று எழுதியிருந்தான். படித்ததற்கு அத்தாட்சியாக அதிலிருந்து இரண்டு வரிகளும் போட்டிருந்தான். தங்கையைக் கூட்டி வரலாமா, ஆண்கள் இருந்தால் கூச்சப்படுவாள், என்றைக்கு வந்தால் வசதி?

யார் அனுப்பியது என்று பார்க்காமல் எந்த ஈமெயிலுக்கும் பதில் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், நான் வெந்நீர் வைத்துவிட்டு வருவதற்குள் பதில் எழுதி முடித்துவிட்டார். இரண்டாவது சனிக்கிழமை பெண்கள் மட்டும், காலை பத்து மணி முதல். ஆபீஸ் விலாசம், வாசலில் நீல கேட், எதிரே ஜெராக்ஸ் கடை.

"அவன் அனுப்பின லிங்க் எதையும் நான் திறக்கலைக்கா," என்றார், நான் கேட்காமலே.

நாற்பது சதுரம் வெட்டியதற்கு மறுநாள்தான் அந்த இரண்டாவது சனிக்கிழமை. பஞ்சு வாங்கக் காலையில் வெளியே போனேன். ஜெராக்ஸ் கடை வாசலில் ஒருவர் நின்றிருந்தார். சலவைச் சட்டை, நன்றாக வாரிய தலை, நாற்பது வயது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரியம்மா, கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதே. குடுங்க."

நான் யோசிப்பதற்குள் என் மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். காதுக் கம்பியைக் கொஞ்சம் வளைத்து, மூக்கில் உட்கார்கிற இடத்தை விரலால் அழுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டார். இரண்டு வருடமாகக் காதைக் கடித்துக்கொண்டிருந்த கண்ணாடி பூ மாதிரி உட்கார்ந்தது.

"வக்கீல் மேடம் வீடு இதானே? இன்னிக்குப் பெண்கள் மட்டும்தானாமே?"

"ஆமா. உங்களைப் பார்க்க மாட்டாங்க."

"பரவாயில்ல. தங்கச்சி வரும். நான் இங்கயே நிக்கிறேன்."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு போனேன். என் பங்கு அவ்வளவு.

லேப் பெண் பதினோரு மணிக்கு வந்து மனுவில் கையெழுத்துப் போட்டாள். எட்டு இடத்தில் கையெழுத்து. குட்டி என்னிடம் வந்து, "இனிமே ஸ்கூல் பேர் சொல்லலாமாம். கோர்ட்ல சொன்னதுக்கு அப்புறம்" என்றாள். "ஆனா இப்ப சொல்ல மாட்டேன்."

"திங்கட்கிழமை தாக்கல் பண்ணிடுவீங்களா மேடம்?"

"திங்கள்ல இருந்து மூணு நாள் எனக்கு வகுப்பு இருக்கும்மா. வியாழக்கிழமை முதல் வேலை இதுதான். ரெண்டு மாசம் பொறுத்தே, மூணு நாள்ல என்ன வந்துடப் போகுது?"

தாயும் பிள்ளையும் நீல கேட்டைத் திறந்துகொண்டு போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை வாசலில் யாரும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, அவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே பின்வாசல் வழியாக ஏறிக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. இறங்கிய இடத்தில் அவனும் இறங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் தெருவில் இருந்திருக்கிறான். அங்கேயும் இரண்டு பேருக்குக் கண்ணாடி சரிசெய்து கொடுத்திருக்கிறான்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றான். வெளியாள் யாரிடமும் போகாதே, பேர் சொல்லாதே, மிட்டாய் வாங்காதே என்று குட்டிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்பா வெளியாள் இல்லையே. ஆயா, "யாரும்மா இது?" என்று கேட்டிருக்கிறாள். குட்டி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவன் அடையாள அட்டையும் காட்டியிருக்கிறான்.

லேப் பெண் நாலரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்தாள். மேடம் ஊரில் இல்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, மேடத்துக்குப் போன் போட்டேன். மேடையில் இருந்ததால் எடுக்கவில்லை. ஐந்தரைக்கு எடுத்தார். அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனைப் பிடித்து, எங்கள் போனிலும் கேட்கும்படி இணைத்துப் பேசினார்.

"அப்பா தன் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருக்கார் மேடம். கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு உத்தரவு ஏதாவது இருக்கா?"

"மனு தயாரா இருக்கு. கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு."

"நீங்க வக்கீல். உங்களுக்குத் தெரியாததா? தயாரா இருக்கிற மனு உத்தரவு ஆகுமா?"

லேப் பெண் என் மடியில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தம் வந்தால் பின் அறையில் நோயாளிக்குத் தொந்தரவு என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கோணல் விரல்கள் இரண்டும் துண்டைப் பிடிக்க முடியாமல் தனியாக நின்றன.

மேடம் மறுநாள் வந்துவிட்டார். இரண்டு நாள் வகுப்பு பாக்கி வைத்துத்தான் வந்தார். புதன்கிழமையே மனுவைத் தாக்கல் செய்கிறேன் என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலையே அவன் லேப் பெண்ணுக்குப் போன் செய்துவிட்டான். பேசக்கூட இல்லை. குட்டியை எண்ணச் சொல்லிப் போனைப் பக்கத்தில் வைத்திருக்கிறான். பதினொன்று வரை எண்ணிவிட்டு, "அம்மா, நீ வர்ற வரைக்கும் தினமும் எண்ணணுமாம்" என்றாள் குட்டி.

புதன்கிழமை காலை பஸ்ஸில் லேப் பெண் போய்விட்டாள். மேடம், "போகாதே, ஒரு வாரம் குடு" என்று கெஞ்சினார்.

"நீங்க ஒரு வாரம் குடுப்பீங்க மேடம். அவன் ஒரு வாரத்துல என்ன குடுப்பான்னு எனக்குத்தான் தெரியும்."

அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு நீல கேட் திறந்தது. இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவன் பிஸ்கட் டின்னைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே தன் போனைப் போட்டான். அவள் போனையும் தன் பையிலிருந்தே எடுத்துப் போட்டான். "இதைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிருக்கேன் மேடம். நல்ல வழி" என்றான்.

அவள் தலையில் ஒரு துணித் தொப்பி. காதுக்குக் கீழே முடி இல்லை. நான் தேநீர் கொண்டு போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தான்.

"கண்ணாடி நல்லா உக்காந்திருக்கா பெரியம்மா?"

தட்டு கையில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தடுப்போரமாக நின்றேன்.

"இவளோட பேப்பர் எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம்," என்றான். "சமாதானமாயிட்டோம். குட்டிக்கு ஸ்கூல் இருக்கு, அதான் கூட்டிட்டு வரலை."

மேடம் அவளிடம், "நீ சொல்லும்மா. உன் வாயால சொல்லு" என்றார்.

"குடுத்துடுங்க மேடம்."

மேடம் கோப்பை எடுத்து வைத்தார். மனு, போட்டோக்கள், எக்ஸ்ரே. அவன் எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தான்.

"கொஞ்சம் கோணலாத்தான் கூடியிருக்கு. ஆனா உறுதியா இருக்கு."

பிறகு எல்லாவற்றையும் அடுக்கித் தட்டிச் சரிசெய்து பையில் வைத்தான். எழுந்து கையைக் கூப்பினான்.

"நீங்க எழுதறதை விடாம படிக்கிறேன் மேடம். உண்மையா எழுதறீங்க. ஒரே ஒரு திருத்தம் சொல்லலாமா? சோப்பு டப்பா இல்ல. கண்ணாடிக் கூடு. பதினொன்னுங்கிறது சரிதான்." மனைவியின் தொப்பியை ஒரு பக்கம் இழுத்துச் சரியாக வைத்தான். "அப்ப பதினொன்னு."

அவன் தன் போனை எடுத்துக்கொண்டான். அவள் போனையும் எடுத்துக்கொண்டான். கேட்டை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனான்.

மேடம் மதியம் சாப்பிடவில்லை. மாலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். லேப்டாப்பைத் திறந்து வருகைக் கணக்கை முதல் நாளிலிருந்து பார்த்தார். அந்தக் கட்டுரையைத் திறந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் இரண்டாயிரத்து நானூறு அந்த ஒரே ஊரிலிருந்து. குட்டியைத் தூக்கிக்கொண்டு போன திங்கட்கிழமைக்குப் பிறகு அங்கிருந்து ஒன்றுகூட இல்லை. இதை எனக்குச் சொன்னபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அழுவார் என்று நினைத்தேன்.

"அப்போ மிச்சம் ஆறாயிரத்து எழுநூறுதான்," என்றார்.

"அதை எடுத்துடுங்க," என்றேன். "அவ கேட்டது அது ஒண்ணுதான்."

"இப்ப எடுத்து என்னக்கா ஆகப் போகுது?"

"அவ கேட்டா. அதுக்காக எடுங்க."

அவர் லேப்டாப்பை மூடிவைத்தார். நான் போய் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறு மணிக்கே முன் அறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏழு மணிக்கு லேப்டாப்போடு அம்மாவின் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மேடம் ஒரு கையால் அம்மாவின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். புதுக் கட்டுரை. கட்சிக்காரரின் கதையை எழுதும் வக்கீல்கள் இதுவரை மூன்று மாற்றங்கள் செய்துவந்தோம், அது போதாது என்பதை ஒரு கசப்பான அனுபவம் காட்டியது, இனி நான்கு: பெயர், தொழில், பிள்ளைகள், நான்காவதாகப் பொருட்களும் அவற்றின் எண்ணிக்கையும். நன்றாகவே எழுதியிருந்தார்.

"அந்தப் பழையது?" என்று கேட்டேன்.

"அதையும் சரி பண்ணிட்டேன்க்கா." திருப்பிக் காட்டினார். பதினோரு சோப்பு டப்பா இருந்த இடத்தில் ஒன்பது பென்சில் டப்பா இருந்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கட்டும்," என்று மேடம் காலைக் கீழே வைத்தார். "பாதியில விட்டுட்டு வந்த வகுப்பை சனிக்கிழமை வெச்சிருக்காங்க. இந்தத் தடவை அறுபது பேராம். பிளாஸ்டர் எவ்வளவு இருக்குக்கா?"

"இல்ல," என்றேன். "தீர்ந்துபோச்சு."

ரோல் என் ஏப்ரன் பையில் இருந்தது. விரிப்பின் நான்கு மூலையையும் இழுத்துச் செருகிவிட்டு, நோயாளியை இடது பக்கம் புரட்டி, முதுகுப் புண்ணுக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன்.